குரலுக்குப் பணியும் விளக்கு

நுழையும்முன்

இருளை நீக்கி ஒளியைப் பெருக்குவதே விளக்கின் பணி என்பது பொதுவான எண்ணம். திரைப்படம் காணும் அறையிலோ ஒளியைக் குறைப்பதும் மறைப்பதும் தக்க பொழுதில் மீட்பதும் விளக்கின் பணிகளாகின்றன. அப்பணிகளைக் குரலால் ஏவும் தொழில்நுட்பம் இன்று இல்லங்களுக்குள் வந்துவிட்டது. அத்தகைய விளக்குகளைத் தேர்ந்தெடுப்போர் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வீடும் ஒரு வினாவும்

மதுரையில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வீட்டின் மாடியில் 15 அடி நீளமும் 12 அடி அகலமும் உடைய அறை ஒன்றைத் திரைப்பட அறையாக மாற்ற அக்குடும்பத்தார் முடிவு செய்கின்றனர். சுவரில் திரை, எதிரே படவீழ்த்தி, இரண்டு வரிசை இருக்கைகள். முன்வரிசையில் அமர்ந்தோரின் தலை மறைக்காதிருக்கப் பின்வரிசை ஆறு அங்குல உயரமுள்ள மேடைமீது அமைகிறது.

வண்ணம் மாறும் விளக்குகள் வேண்டும் என்கிறார் தந்தை. சொன்னால் கேட்கும் விளக்குகள் வேண்டும் என்கிறாள் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மகள். எழுபத்தைந்து அகவை நிறைந்த பாட்டி ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்: “படத்துக்கு நடுவுல எந்திரிச்சா அந்தப் படி எனக்குத் தெரியுமா?”

எளிய இவ்வினாவில்தான் தேர்வின் உயிர்நாடி அடங்கியுள்ளது. விளக்கு எத்தனை வண்ணம் காட்டும், எத்தனை கட்டளைகளை அறியும் என்பவை அடுத்த நிலையில் வருவன. இருளில் எழும் ஒருவர் விழாமல் நடக்க அது துணைசெய்யுமா என்பதே முதலில் எழ வேண்டிய வினா.

அரங்கும் ஒளியும்

காட்சிக் கலையில் ஒளியமைப்பைப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைக் கூறுவதோடு விளக்குகள் வைக்கப்பட்ட முறையையும் கூறுகிறது. தூண்களின் நிழல் அரங்கில் விழாமல் புறத்தே செல்லுமாறு விளக்குகள் அமைக்கப்பட்டன என்பது அதன் செய்தி. எங்கே ஒளி விழ வேண்டும் என்பதைப் போலவே எங்கே நிழல் விழக் கூடாது என்பதையும் அக்காலத்தார் எண்ணியுள்ளனர்.

திரைப்படம் வந்தபோது இந்தச் சிந்தனை தலைகீழானது. கூத்துக்கு ஒளி வேண்டும். திரைப்படத்திற்கோ இருள் வேண்டும். 1905ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகச் சென்று கூடாரமிட்டுப் படங்காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார். கூடாரக் கொட்டகைகள் பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டடத்தால் ஆன அரங்குகளோ பகலிலும் இருளை உண்டாக்கின. அங்கே விளக்குகள் ஒரே நொடியில் அணைவதில்லை, மெல்ல மங்குகின்றன. படம் ஓடும்போதும் நடைபாதையின் ஓரத்தில் சிறு விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கும். இவ்விரு வழக்கங்களுக்கும் காரணம் மனிதக் கண்ணின் இயல்பேயாகும்.

கண்ணின் இயல்பு

விழித்திரையில் கூம்பு செல்கள், கோல் செல்கள் என இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 இலட்சம். அவை நல்ல ஒளியில் நிறங்களையும் நுண்மையையும் காட்டுகின்றன. கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. அவை மங்கிய ஒளியில் செயற்படுகின்றன. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் நுழைந்தவரின் கோல் செல்கள் முழுத்திறனை அடைய 20 முதல் 30 நிமிடம்வரை ஆகும். இருளுக்குப் பழகிய கண்ணின்முன் திடீரென வெண்ணிற ஒளி பாய்ந்தால், அந்தப் பழக்கம் சில நொடிகளில் கலைந்துவிடும்.

படத்தின் நடுவே ஒருவர் எழுவதற்காக அறைவிளக்கை முழு வெளிச்சத்தில் ஏற்றினால் மற்றவர்களின் கண் கூசுகிறது. மீண்டும் அணைத்தபின் அனைவருமே சிறிது நேரம் தடுமாறுகின்றனர். இதனைத் தவிர்க்கும் வழியும் கண்ணின் அமைப்பிலேயே உள்ளது. கோல் செல்கள் நீல, பச்சை ஒளியை மிகுதியாக உணரும். செந்நிற ஒளியைப் பெரிதும் உணரா. ஆதலால் மிகக் குறைந்த அளவில் எரியும் செம்மஞ்சள் ஒளி, காலடியைக் காட்டும். இருளுக்குப் பழகிய கண்ணையும் அதிகம் கலைக்காது.

அகவை ஏற ஏறக் கண்பாவை சுருங்குகிறது. விழிவில்லையும் மஞ்சள் படர்ந்து மங்குகிறது. இருபது அகவையினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது அகவையினரின் விழித்திரையை அடைகிறது. பேத்திக்குத் தெளிவாகத் தெரியும் படி பாட்டிக்குத் தெரியாமற்போவதற்கு இதுவே காரணம். அறையின் ஒளியளவை இளையவரின் கண்ணைக்கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

திரையின் தேவை

படவீழ்த்தி கறுப்பு நிறத்தை உண்டாக்குவதில்லை. ஒளி விழாத இடமே திரையில் கறுப்பாகத் தோன்றுகிறது. ஆகவே, அறையில் சிதறும் ஒளி எதுவாயினும் அது முதலில் கறுப்பையே கெடுக்கும்.

இதனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். திரையரங்குகளில் வெண்ணிறத்தின் ஒளிர்வு 48 நிட் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு. வீட்டுத் திரையும் அந்த அளவுக்கு ஒளிர்கிறது எனவும், அதன் கறுப்பு 0.048 நிட் எனவும் கொண்டால், வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் 1000 ஆகும். அறைவிளக்கிலிருந்து வெறும் 1 நிட் ஒளி திரைமீது சிதறுவதாகக் கொள்வோம். இப்போது வெண்மை 49, கருமை 1.048. விகிதம் 1000இலிருந்து ஏறத்தாழ 47 ஆகச் சரிந்துவிடுகிறது. பெரும் பொருட்செலவில் வாங்கிய படவீழ்த்தியின் சிறப்பைத் தவறான இடத்தில் மாட்டிய ஒரு விளக்கு அழித்துவிடும்.

தொலைக்காட்சித் திரையின் நிலை வேறு. அது தானே ஒளிர்வது. படவீழ்த்தித் திரையைவிடப் பன்மடங்கு வெளிச்சமுடையது. முழு இருளில் அதனை நெடுநேரம் பார்த்தால் கண் சோர்வடையும். எனவே, தொலைக்காட்சியின் பின்புறச் சுவரில் மெல்லிய வெண்ணிற ஒளி படருமாறு எல்.இ.டி. பட்டையை ஒட்டுவர். அவ்வொளி 6500 கெல்வின் நிறவெப்பநிலையில், திரையின் உச்ச ஒளிர்வில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருத்தல் நன்று. படவீழ்த்தித் திரைக்குப் பின்னால் இத்தகைய விளக்கு வேண்டுவதில்லை; அது படத்தைக் கெடுக்கவே செய்யும்.

விளக்கு வாங்குவதற்குமுன் அறையில் இருப்பது எவ்வகைத் திரை என்பதைக் கருத வேண்டும். அடுத்து, விளக்கின் கதிர் நேராகவோ வெண்சுவரிலும் மேற்கூரையிலும் பட்டுத் தெறித்தோ திரையை அடையுமா என்பதைக் காண வேண்டும். திரைக்கு அருகிலுள்ள சுவர்களில் மெருகற்ற அடர்நிற வண்ணம் பூசினால் தெறிக்கும் ஒளி குறையும்.

தெரிந்து தெளிவோம்

வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் அடிப்படை நீல ஒளி. நீல ஒளியின் ஒரு பகுதியை ஒளிர்பொருள் பூச்சு மஞ்சளாக மாற்றுவதால், இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மூன்று பொழுதுகள்

திரைப்பட அறைக்கு மூன்று பொழுதுகள் உண்டு. படம் தொடங்குமுன் உள்ளே வந்து அமரும் பொழுது முதலாவது. படம் ஓடும் பொழுது இரண்டாவது. இடையில் எழுவதும் முடிவில் வெளியேறுவதுமான பொழுது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒளி வேறு.

அமரும் பொழுதிற்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான இளமஞ்சள் ஒளி போதும். மேற்கூரையில் பதித்த விளக்குகளோ சுவர்விளக்குகளோ இதனைத் தரலாம். படம் ஓடும் பொழுதில் இவை முற்றும் அணைய வேண்டும். அணையுமுன் நான்கைந்து நொடிகள் மெல்ல மங்குதல் கண்ணுக்கு இதம். எழும் பொழுதிற்கு வேண்டிய விளக்கு, இருக்கையின் உயரத்திற்குக் கீழே, படியின் விளிம்பில் மட்டும் ஒளி விழுமாறு மறைப்புடன் அமைய வேண்டும். விளக்கு கண்ணுக்குத் தெரியக் கூடாது. அது காட்டும் படியே தெரிய வேண்டும்.

கடையில் விளக்கை ஆராய்வோர் அது எவ்வளவு கூடுதலாக ஒளிர்கிறது என்பதையே பார்ப்பர். திரைப்பட அறைக்கு வாங்குவோர் அது எவ்வளவு குறைவாக ஒளிர இயலும் என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தோன்றும் வெளிச்சமும் அளவியால் அளக்கும் வெளிச்சமும் ஒன்றல்ல. ஒளியை 10 விழுக்காடாகக் குறைத்தாலும் கண்ணுக்கு அது ஏறத்தாழ 32 விழுக்காடாகத் தோன்றும். 1 விழுக்காடாகக் குறைத்தால்தான் பத்தில் ஒரு பங்காகத் தோன்றும். ஆதலால், 10 விழுக்காட்டிற்குக் கீழே மங்காத விளக்கு இவ்வறைக்குப் பொருந்தாது. சில விளக்குகள் மிகவும் குறைத்தவுடன் துடிக்கத் தொடங்கும். திறன்பேசியின் படக்கருவி வழியே விளக்கை நோக்கும்போது கரும்பட்டைகள் நகர்வது தெரிந்தால் துடிப்பு மிகுதி என்று உணரலாம்.

விளக்கா, சுவிட்சா?

குரலால் இயங்கும் ஒளியமைப்பை இருவகையாகச் செய்யலாம். முதல் வகையில் விளக்கே திறன்விளக்காக இருக்கும். பழைய குமிழைக் கழற்றிவிட்டு இதனைப் பொருத்தினால் போதும்; மின்கம்பிகளில் மாற்றம் வேண்டுவதில்லை. வண்ணத்தையும் நிறவெப்பநிலையையும் மாற்ற இயல்வது இதன் நன்மை. குறையும் ஒன்று உண்டு. சுவரிலுள்ள சுவிட்சை யாரேனும் அணைத்துவிட்டால் விளக்குக்கு மின்சாரம் கிடைக்காது. அதன்பின் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் அது கேளாது.

இரண்டாம் வகையில் விளக்கு எளிய விளக்காகவே இருக்க, சுவிட்சு திறன்சுவிட்சாக மாறும். கையால் அழுத்தினாலும் குரலால் ஏவினாலும் அது இயங்கும். பழகிய சுவிட்சு பழகிய இடத்திலேயே இருப்பது முதியோர்க்கும் விருந்தினர்க்கும் வசதி. ஆயினும் திறன்சுவிட்சுகள் பலவற்றிற்கு நியூட்ரல் கம்பி இன்றியமையாதது. சுவிட்சுப் பெட்டிக்குள் அக்கம்பி வந்துள்ளதா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு ஆராய வேண்டும். டிம்மர் எனப்படும் ஒளிகுறைப்பானுடன் கூடிய சுவிட்சாயின், மங்கக்கூடியது எனக் குறிக்கப்பட்ட எல்.இ.டி. விளக்கையே அதனுடன் இணைக்க வேண்டும். திறன்விளக்கை டிம்மருடன் இணைத்தல் கூடாது, இரண்டும் தனித்தனியே ஒளியைக் குறைக்க முயல்வதால் விளக்கு துடிக்கும், பழுதடையவும் கூடும்.

இந்தியத் தர அமைவனத்தின் பதிவுக்குறி உடைய விளக்குகளையே வாங்குதல் பாதுகாப்பு. எல்.இ.டி. குமிழ்களின் பாதுகாப்பிற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16102 ஆகும். திறன்விளக்கு அணைந்திருக்கும்போதும் கட்டளைக்காகக் காத்திருப்பதால் சிறிது மின்சாரத்தை நுகரும். ஒரு விளக்கு அரை வாட் நுகர்வதாகக் கொண்டால், ஆறு விளக்குகள் ஓராண்டில் ஏறத்தாழ 26 அலகு மின்சாரத்தை எரியாமலேயே செலவிடும்.

குரல் செல்லும் வழி

“விளக்கை மங்கச் செய்” என்று ஒருவர் சொன்னவுடன் விளக்கு மங்குவது எளிய செயலாகத் தோன்றும். அதற்குள் பல படிகள் உள்ளன. திறன் ஒலிபெருக்கியிலுள்ள ஒலிவாங்கிகள் அறையின் ஓசைகளைக் கேட்டுக்கொண்டேயிருக்கின்றன. விழிப்புச்சொல் எனப்படும் ஒரு பெயரைக் கேட்டதும் கருவி விழித்துக்கொள்கிறது. அதன்பின் பேசப்படும் கட்டளை, பெரும்பாலான கருவிகளில் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. அங்கே ஒலி சொல்லாக மாற்றப்பட்டு, சொல்லின் பொருள் உணரப்பட்டு, ஆணையாகத் திரும்பி வந்து விளக்கை அடைகிறது.

ஆணை விளக்கை அடையும் இறுதி வழியும் பலவகைப்படும். வைஃபை விளக்குகள் வீட்டு ரவுட்டருடன் நேரே இணைவன; அமைப்பது எளிது. ஜிக்பீ, திரெட் போன்றவை குறைந்த மின்திறனில் இயங்கும் தனி வலையமைப்புகள். ஒரு விளக்கு பெற்ற ஆணையை அடுத்த விளக்கிற்குக் கடத்த வல்லவை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கெனப் பொதுவான தரநிலை ஒன்று 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதன் பெயர் மேட்டர். மேட்டர் குறியுடைய விளக்கு இணையம் இல்லாதபோதும் வீட்டு வலையமைப்புக்குள் இயங்க வல்லது. ஒரு நிறுவனத்தின் இணையச் சேவையை மட்டுமே நம்பிய விளக்கு, அச்சேவை நிறுத்தப்படும் நாளில் வெறும் குமிழாகிவிடும்.

திரைப்பட அறைக்கே உரிய இடர் ஒன்றும் இங்குண்டு. இயல்பான பேச்சின் ஒலியளவு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபெல். சண்டைக் காட்சியிலோ பாடலிலோ ஒலிபெருக்கிகள் எழுப்பும் ஓசை அதனை எளிதில் விஞ்சும். வெளிச்சம் மிகத் தேவைப்படும் கணத்தில் கருவி கேளாமற்போகலாம். மாறாக, படத்தின் உரையாடலில் வரும் ஒரு சொல்லை விழிப்புச்சொல்லாகப் பிழைபட உணர்ந்து, வேண்டாத கணத்தில் விழித்துக்கொள்ளவும் கூடும். ஆகவே, ஒலிவாங்கியை ஒலிபெருக்கிகளுக்கு அருகில் வைக்காமல் பார்வையாளரின் இருக்கைக்கு அருகில் வைக்க வேண்டும்.

தமிழ் கேட்குமா?

மதுரைப் பாட்டி விளக்கை ‘அணை’ என்று சொல்வதில்லை. “விளக்கைக் குளிர வை” என்பதே அவர் வழக்கு. அணைத்தல் என்னும் அமங்கலச் சொல்லை நீக்கி மங்கலமாகக் கூறும் இவ்வழக்கைத் தகுதி வழக்கின் ஒரு வகையாக இலக்கணம் வகுத்துள்ளது. சில வீடுகளில் “விளக்கை அமர்த்து” என்பர். இளையோர் “லைட்ட ஆஃப் பண்ணு” என்பர். எழுத்துத்தமிழில் “விளக்கை அணைக்கவும்” என்பர். நான்கும் ஒரே பொருள். கேட்பவர் தமிழராயின் நான்கும் விளங்கும்; கருவிக்கோ ஒவ்வொன்றையும் கற்பித்தாக வேண்டும்.

அமேசான் நிறுவனத்தின் எக்கோ ஒலிபெருக்கி 2014இல் அமெரிக்காவிலும் 2017இல் இந்தியாவிலும் அறிமுகமானது. அதில் இயங்கும் அலெக்சா 2019இல் இந்தியையும் பேசத் தொடங்கியது. கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் 2017இல் தமிழைச் சேர்த்தது. ஆயினும் சொல்லை எழுத்தாக்குவது வேறு. சொல்லின் கருத்தையறிந்து செயல்புரிவது வேறு. பேச்சுவழக்கிற்கும் எழுத்துவழக்கிற்கும் இடையே இடைவெளி மிகுந்த மொழி தமிழ். வட்டாரத்திற்கு வட்டாரம் வழக்கும் மாறுகிறது. லகர, ளகர, ழகர வேறுபாடு பலர் நாவில் மயங்குகிறது. வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து ஒரு சொல்லே பல வடிவம் கொள்கிறது. இவையனைத்தையும் கருவி உணர வேண்டுமானால், பல ஊரினர், பல அகவையினர் பேசிய தமிழ் ஒலிப்பதிவுகள் பெருமளவில் வேண்டும். மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்னும் பொதுத்திட்டம் தன்னார்வலர்களிடமிருந்து தமிழ்க் குரல்களையும் திரட்டிவருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏ.ஐ.ஃபார் பாரத் ஆய்வு மையம் இந்திய மொழிகளின் பேச்சுத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டுள்ளது.

வாங்குவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கருவியை இயக்கிக் காட்டுமாறு கடையில் கேட்க வேண்டும். வீட்டில் மிகுந்த அகவையுடையவரும் மிகக் குறைந்த அகவையுடையவரும் தத்தம் பேச்சிலேயே அதனிடம் பேசிப் பார்க்க வேண்டும். பிறமொழிவழி இயங்கும் கருவியாயினும் விளக்கிற்கும் ஒளியமைப்பிற்கும் விரும்பிய பெயர் சூட்ட இயலும். ‘தீபம்’, ‘மாடி’ போன்ற எளிய பெயர்களில் எதனைக் கருவி வழுவின்றி உணர்கிறது என்பதை முயன்றறிந்து அதனையே வைத்துக்கொள்ளலாம். வீட்டார் கருவிக்காகத் தம் மொழியை மாற்றிக்கொள்வதைவிடக் கருவியை வீட்டார் மொழிக்குப் பழக்குவதே முறை.

கேட்கும் சுவர்கள்

கட்டளையை ஏற்கக் காத்திருக்கும் ஒலிவாங்கி, கட்டளையல்லாத பேச்சையும் கேட்கும் இடத்தில்தான் உள்ளது. குடும்பம் கூடி அமரும் அறையில் சிரிப்பும் கோபமும் பணத்தைப் பற்றிய பேச்சும் நோயைப் பற்றிய பேச்சும் நிகழ்வது இயல்பு. பிழைபட விழித்துக்கொண்ட கருவி இவற்றில் ஒரு பகுதியை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடக் கூடும்.

தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. சட்டத்தின் காவல் இருப்பினும், வீட்டின் வாயிலை அடைப்பது வீட்டாரின் கையில்தான் உள்ளது. ஒலிவாங்கியை முடக்கும் பொத்தான் உடைய கருவியையே தேர்ந்தெடுத்தல், பதிவான ஒலிகளை அவ்வப்போது நீக்குதல், விருந்தினர் வரும்போது அறையில் இத்தகைய கருவி இருப்பதைக் கூறுதல் ஆகியன நல்வழக்கங்கள். தொடர்வண்டிப் பயணத்தில் அயலார் காதில் விழாதவாறு தாழ்ந்து பேசுவோர், தம் வீட்டில் அயலார் காது ஒன்றை வைக்கும்போது அதே எச்சரிக்கையைக் கொள்ள வேண்டும்.

மின்தடை என்னும் தேர்வு

ஒளியமைப்பின் உண்மையான தேர்வு மின்தடையின்போது நிகழ்கிறது. மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நிற்கும். ரவுட்டர் நின்றால் குரல்வழி ஆணை விளக்கை அடையாது. மின்சாரம் மீண்டதும் சில திறன்விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். நள்ளிரவில் ஆளில்லா அறையில் விடியும்வரை அவை எரிந்துகொண்டிருக்கக் கூடும். மின்சாரம் மீண்டபின் முந்தைய நிலைக்கே திரும்புமாறு அமைக்க இயலும் விளக்கா என்பதை வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். ரவுட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்தலும் நன்று.

கேளாத விளக்கு

முதலில் கண்ட குடும்பத்தின் தேர்வு இறுதியில் பின்வருமாறு அமைந்தது எனக் கொள்வோம். மேற்கூரை விளக்குகளுக்குத் திறன்சுவிட்சு. பக்கச் சுவரில் வண்ணம் மாறும் திறன்விளக்குகள் இரண்டு. அவை 1 விழுக்காடுவரை மங்குபவை. திரையின்மீது ஒளி சிதறாதவாறு கீழ்நோக்கி அமைந்தவை. படம் தொடங்கும்போது ஒரு சொல். இடைவேளைக்கு ஒரு சொல். முடிவுக்கு ஒரு சொல். தந்தையின் விருப்பமும் மகளின் விருப்பமும் நிறைவேறின.

படியின் விளிம்பில் பொருத்திய செம்மஞ்சள் விளக்கு மட்டும் வேறு. அது ஒரு வாட்டுக்கு மிகாதது. இன்வெர்ட்டர் இணைப்பில் உள்ளது. இணையத்தோடும் ஒலிவாங்கியோடும் தொடர்பற்றது. அறைக்கதவின் அருகிலுள்ள சாதாரண சுவிட்சு ஒன்றே அதற்குரியது. “இந்த விளக்குக்கு ஏன் குரல் இணைப்பு இல்லை?” என்று தந்தை வினவியபோது மகளே விடை கூறினாள்: “அப்பத்தா இருட்டுல தடுமாறும்போது விளக்குகிட்டப் பேசிக்கிட்டு நிக்க முடியாதுப்பா.”

வசதிக்குரிய விளக்குகள் குரலுக்குப் பணியலாம், பிழைத்தாலும் தீங்கில்லை. பாதுகாப்பிற்குரிய விளக்கு எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் எரிந்துகொண்டிருக்க வேண்டும். எதனைக் கருவியிடம் ஒப்படைக்கலாம், எதனை ஒப்படைக்கலாகாது என்று பிரித்தறிவதே தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையான அறிவு. படம் முடிந்தது, திரை வெளுத்தது, பாட்டி எழுந்தார். படி தெரிந்தது.

கற்பவை கற்றபின்

1. விளக்கை அணைத்தலைக் குறிக்க உங்கள் வீட்டிலும் ஊரிலும் வழங்கும் தொடர்களைத் திரட்டி, அவற்றுள் மங்கல வழக்காக அமைந்தவற்றைப் பட்டியலிடுக.

2. இருண்ட அறையில் உங்கள் வீட்டு முதியவருக்கும் உங்களுக்கும் ஒரு படியின் விளிம்பு தெரிவதற்கு வேண்டிய ஒளியளவு வேறுபடுகிறதா எனப் பெரியோர் துணையுடன் ஆராய்ந்து எழுதுக.

3. திரைமீது 2 நிட் ஒளி சிதறினால், இப்பாடத்தில் கூறப்பட்ட வெண்மை, கருமை விகிதம் எவ்வளவாகும் எனக் கணக்கிடுக.

4. ‘குரலால் இயங்கும் கருவிகள் தமிழின் வட்டார வழக்குகளைக் கற்க வேண்டும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.